அம்மாவின் கொழுந்துக் கணக்கு

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், பிளாஸ்டிக் உறையொன்றை நனையாமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒரு மாணவி என் வீட்டுப் படியேறி வந்தாள். ஹட்டன் நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது பதினைந்து. நகரத்துப் பாடசாலையொன்றிற் பத்தாந் தரத்திற் படிக்கிறாள். நான் உபாத்தியாயர் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எனக்கு இன்னும் ஓய்வு தந்தபாடில்லை. அதற்காக நான் வருந்துவதுமில்லை.

"சேர், வகுப்பில செயற்றிட்டம் ஒன்னு குடுத்திருக்காங்க. ‘எமது பிரதேசத்தின் கைத்தொழில்’னு தலைப்பு. நான் தேயிலை எடுத்திருக்கேன். பிழை இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

உறையைப் பிரித்தேன். வழவழப்பான தாளில் வர்ணப் படங்களோடு அச்சாகிய இருபது பக்கங்கள். முகப்பிலே நீண்ட தாடியுடன் ஜேம்ஸ் டெய்லர். உள்ளே, 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் அவர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட வரலாறு. 1869ஆம் ஆண்டிலே தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த வரலாறு. நிலத்தின் உயரத்திற்கேற்பத் தேயிலையை மூவகையாகப் பிரிக்கும் அட்டவணை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் புகைப்படம். யாவும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, நகரத்துக் கணினிக் கடையொன்றில் ஒழுங்குபடுத்தப்பட்டவை. அச்சுக்கூலி மாத்திரம் அவளுடைய தாயாரின் ஒருநாட் சம்பளத்திற் பாதிக்கு மேலாயிற்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

"பிழை ஒன்றுமில்லை" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன். நேற்று உங்க அம்மா எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாங்க?"

அவள் விழித்தாள். "தெரியாது சேர்."

"அந்தக் கொழுந்து எத்தனை கிலோத் தூளாகும்?"

அதுவும் தெரியாது.

"மழையில நனைஞ்ச கொழுந்தை நிறுக்கிறபோது எவ்வளவு கழிக்கிறாங்க?"

"அதெல்லாம் இதுல போடணுமா சேர்?"

அந்தக் கேள்வியிலிருந்த கள்ளமற்ற வியப்பு என்னைச் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. லயத்துக் காம்பராவில் அன்றாடம் பேசப்படும் விஷயம் ஒன்று; பாடசாலைக்குக் கொண்டுபோகத் தகுந்த விஷயம் வேறொன்று. இதனை அவளுக்கு எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியிருந்தும் நன்றாகக் கற்றிருந்தாள்.

அவளைக் குறைகூற எனக்கு உரிமையுமில்லை. நான் வகுப்பறையில் இருந்த காலத்தில் மாணாக்கர் கொண்டுவந்த ஒப்படைகளுக்கு எவ்வாறு புள்ளியிட்டேன் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். மேசைமேல் நாற்பது கொப்பிகள். வெளியே கடைசிப் பஸ்ஸின் ஊதல். மேலட்டை அழகாயிருந்தால் எட்டு. உள்ளே படம் ஒட்டியிருந்தால் ஒன்பது. ஒரு பையன் தன் தோட்டத்திலே காணும் பறவைகளைப் பென்சிலால் வரைந்து, தோட்டத்து மக்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும், எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் எழுதிவந்தான். கொப்பியில் எண்ணெய்க்கறை படிந்திருந்தது. ஐந்து புள்ளி கொடுத்தேன். அவன் இப்பொழுது கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்கிறான். பறவைகளைப் பற்றிக் கேட்டால், அந்தக் கொப்பி தனக்கு நினைவில்லை என்கிறான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செயற்றிட்டம் என்பது பிள்ளைகளின் பெற்றோரைப் படம் வாங்க அலைக்கழிப்பதற்காக எவரோ கண்டுபிடித்த தந்திரம் என்று நம்மிற் பலர் கருதுகிறார்கள். அதன் பூர்வீகம் அவ்வளவு மோசமானதன்று. அமெரிக்காவிலே கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் இருந்த வில்லியம் கில்பற்றிக் என்பவர் 1918ஆம் ஆண்டில் இம்முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளை தனக்கென ஒரு நோக்கத்தை வரித்துக்கொண்டு, முழு மனத்தோடு ஒரு வேலையைச் செய்து முடிக்கும்போதே கல்வி நிகழ்கிறது என்பது அவர் கருத்து. ஜோன் டூயியின் சிந்தனை அவருக்கு வழிகாட்டியாயிற்று. நம் நாட்டிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸையில், 1930களில், கிராமத்து வாழ்க்கையையே பாடமாக்கும் திட்டமொன்று நடைபெற்றது. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி 1937ஆம் ஆண்டில் வார்தாவில் உருப்பெற்றது. கைத்தொழிலையே நடுவாக வைத்துப் பிற பாடங்களை அதைச் சுற்றிப் பின்னும் ஏற்பாடு அது.

1972ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கமும் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்து பார்த்தது. தொழின்முன்னிலைப் பாடம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அந்தந்த ஊரில் நடைபெறும் தொழிலை மாணவர் நேரிற் போய்க் கண்டு, கேட்டு, எழுத வேண்டுமென்று விதித்தது. மீன்பிடியோ, மட்பாண்டமோ, நெசவோ, எது ஊரில் உண்டோ அதுவே பாடம். நல்ல யோசனைதான். ஆனால் 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. நடந்த ஐந்து ஆண்டுகளிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனாற் பெரும் பயன் விளைந்ததில்லை. அப்பாடம் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே இருந்தது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

இந்த இடத்திற் பழைய கதையைச் சற்றுச் சொல்லாமல் மேலே போக இயலாது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்ட நிருவாகத்தைப் பொறுப்பாக்கிற்று. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைதான் அந்தப் பொறுப்பு. பிள்ளை பேர் எழுதி வேலைக்குப் போகும் வயது வரும்வரை அதனை ஓரிடத்தில் இருத்தி வைப்பதற்குப் போதுமான படிப்பு என்று கொள்ளலாம். ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், ஐந்து வகுப்பு. 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் மலைப்பாதைகளில் அது ஏறி வரத் தாமதித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், பாடசாலையைப் பற்றிப் பேச யாருக்கு வாய் இருந்தது? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருந்தொகையாகப் பொறுப்பேற்றது 1977ஆம் ஆண்டிலிருந்துதான். இன்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உயர்தர வகுப்புகள் நடக்கின்றன. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலே நம் பிள்ளைகள் ஆசிரியப் பயிற்சி பெறுகிறார்கள். பாடசாலை பெரிதாகிவிட்டது. லயத்திலிருந்து அதற்குப் போகும் வழியில் எதையோ வாசலிலே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை.

அன்று அந்த மாணவியிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "அச்சடித்ததை அப்படியே வைத்துக்கொள். கடையில் ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கு. மூன்று வாரம் இருக்கிறதல்லவா? அம்மாவையும் அம்மாயியையும் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அரைமனத்தோடுதான் போனாள். பிள்ளைக்கு வீண் செலவு வைக்கிறேனோ என்று எனக்கும் ஐயமே.

மூன்று வாரங் கழித்து வந்தபோது கொப்பி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

முதலில், நிறையைப் பற்றிய கணக்கு. தாயார் மலையிலிருந்து இறங்கியதும் ஒவ்வொரு நாளும் கேட்டு எழுதியிருக்கிறாள். முதல் இரண்டு நாள், "என்னாத்துக்கு இதெல்லாம்? போய்ப் படி!" என்று தாயார் சினந்திருக்கிறார். இதுதான் படிப்பு என்று மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தாமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். நல்ல கொழுந்துள்ள ஒரு நாளில் 18 கிலோ. நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோத் தூள் என்று எங்கள் பகுதியில் எல்லாரும் சொல்வார்கள். அப்படியானால் 4 கிலோத் தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் வீதம் வகுத்திருக்கிறாள்.

"ரெண்டாயிரம் கோப்பை சேர்! எங்கம்மா ஒரு நாள்ல எடுத்தது ரெண்டாயிரம் பேர் குடிக்கிறதுக்கு!" என்றாள். அந்த எண்ணை எழுதி, அடியிலே இரண்டு கோடும் போட்டிருந்தாள். நான் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மலைகளில் வாழ்கிறேன். இந்த வகுத்தலை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

நாலரைக்கு ஒன்று என்பதை மற்றவர் சொன்னபடி ஏற்காமல் தானே சோதித்தும் பார்த்திருக்கிறாள். தோட்டத்துக் கொழுந்தை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றமாகிவிடும். ஆகவே லயத்துக்குப் பின்னாலுள்ள காய்கறித் தோட்டத்தின் வேலியோரம் தானாக வளர்ந்து நின்ற இரண்டு செடியிலே, தாயார் காட்டிக் கொடுத்தபடி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கடைத் தராசிலே 100 கிராம் நிறுத்தெடுத்திருக்கிறாள். கடைக்காரர் சிரித்தாராம். அதனை அடுப்புக்கு மேலே முறத்திற் பரப்பி மூன்று நாள் உலர்த்திவிட்டு மறுபடி நிறுத்தபோது 26 கிராம் இருந்தது. கணக்குப்படி 22 கிராம் அளவே இருக்கவேண்டும். தன் சோதனை பிழைத்துவிட்டது என்று எண்ணி, கொப்பியில் 22 என்றே எழுதிவிட்டாள். பின்பு மனம் கேளாமல் அதை வெட்டி 26 என்று திருத்தியிருக்கிறாள். அந்த வெட்டுக் கீறலைக் கண்டு நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமன்று.

"ஏன் கூடிப்போச்சு?" என்று கேட்டேன்.

"அடுப்புச் சூடு போதல சேர். உள்ளுக்குள்ள தண்ணி இன்னும் இருந்திருக்கும். ஸ்டோர்ல பெரிய சூட்டுல காய வைக்கிறாங்கதானே?"

அதுவே விடை. தொழிற்சாலையில் உலர்த்திய தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் எஞ்சும். பச்சைக் கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீர். இதே செய்தி அவளது வர்ணப் பக்கங்களில் ஒன்றிலும் இருந்தது. அங்கே அதனை அவள் அச்சிட்டிருந்தாள். இங்கே நிறுத்து அறிந்திருந்தாள்.

அடுத்தது மழைநாட் கணக்கு. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்து நிறையிற் சில கிலோ கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. லயங்களில் இதைப் பற்றி முணுமுணுப்பு இல்லாத நாளில்லை. இவள் என்ன செய்தாளென்றால், மறுபடி 100 கிராம் கொழுந்தை எடுத்து, நீரில் அமிழ்த்தி, உதறி, நிறுத்திருக்கிறாள். 118 கிராம். "கழிக்கிறது முழுக்க அநியாயம்னு சொல்ல ஏலாது சேர். தண்ணிக்கும் பாரம் இருக்கு. ஆனா எவ்வளவு தண்ணின்னு நிறுத்துப் பாக்காம, கண்ணால பாத்துக் கழிக்கிறாங்க. வெயில் நாள்லயும் கழிச்சிருக்காங்க" என்றாள். பன்னிரண்டு நாள் எழுதியதில் நான்கு நாள் மழையே இல்லை. அந்த நாட்களிலும் கழிவு எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சங்கக் கூட்டங்களிலே இதே விஷயத்தைப் பற்றி இடிமுழக்கமான பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் பேசியவர் எவரையும் கண்டதில்லை.

கொப்பியின் மிகச் சிறந்த பக்கம் அம்மாயிக்கு உரியது. தாயாரைப் பெற்ற அந்தக் கிழவிக்கு வயது எழுபத்தெட்டு. தோட்டப் பாடசாலையில் இரண்டாம் வகுப்பு வரை இருந்தவர். பின்னாலே பிறந்த தம்பியைச் சுமப்பதற்காக நிறுத்தப்பட்டவர். எழுத்து மறந்துவிட்டது, மலை மறக்கவில்லை. எந்த மலையில் விதைத் தேயிலை, எதில் வீ.பீ. தேயிலை, எந்த மலைக்கு எந்த வருஷம் கவ்வாத்து, கவ்வாத்து வெட்டிய எத்தனை மாதத்தில் முதற் கொழுந்து என்று கேட்கக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன ஒரு வசனத்தைப் பேத்தி அப்படியே எழுதியிருந்தாள்: "கொழுந்தைக் கையில வச்சு அமுக்கக்கூடாது. கசங்கின எல செவந்து போகும். கங்காணி ஏசுவாரு."

இதனை எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு நினைவு தட்டியிருக்கிறது. தேயிலை உற்பத்தியிலே வாட்டி, உருட்டியபின் இலையைப் பரப்பிவைக்கும் ஒரு படி உண்டு. அதற்கு நொதித்தல் என்று பெயர். விஞ்ஞானப் பாடத்திலே மதுவம் சேர்த்த மாவுக்கும் நொதித்தல் என்றுதான் படித்திருக்கிறாள். அப்படியானால் தேயிலையிலும் மதுவம் உண்டா? இந்தச் சந்தேகத்தை விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள். அவர் நல்லவர், மறுநாள் தேடிப் பார்த்து வந்து விளக்கியிருக்கிறார். தேயிலையில் நடப்பது கிருமியின் வேலையன்று. இலை கசங்கும்போது அதன் உட்கலங்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு இலைச்சாற்றை மாற்றுகின்றன. சரியாகச் சொன்னால் ஒட்சியேற்றம். வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் இவ்வகைதான். தொழிற்சாலையில் வேண்டுமென்று இலையை உருட்டிக் கசக்கிச் சிவக்க வைக்கிறார்கள். மலையிலே நேரத்துக்கு முன் கசங்கினால் தேயிலை கெடும்.

"அப்ப கங்காணி ஏசினதுக்கும் விஞ்ஞானப் புத்தகத்துக்கும் ஒரே காரணம் சேர்!"

இதைச் சொன்னபோது அவள் கண்களில் இருந்த ஒளியைப் பற்றி நான் வருணிக்கப் போவதில்லை. பிள்ளைகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

அம்மாயி பேசிக்கொண்டே போனதில் தேயிலையைச் சேராத சில விஷயங்களும் கொப்பியில் ஏறிவிட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்கள் சரித்திரப் புத்தகத்தில் உள்ளவை; அவள் மனனம் செய்தவை. ஆனால் அம்மாயியின் அக்காள் குடும்பம் அந்தக் கணக்கிலே அக்கரைக்குப் போனதும், புகையிரதம் புறப்பட்டபோது சன்னலுக்கு உள்ளும் வெளியும் எழுந்த அழுகையும், அதற்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேரிட்டதும், தலைமன்னாரிலிருந்து வந்த ஒரு கடிதத்தோடு தொடர்பு அற்றுப்போனதும் அவளுக்குத் தெரியாது. அம்மாயிக்கு ஓர் அக்காள் இருந்ததே இவளுக்கு இப்பொழுதுதான் தெரியும்.

"இதை எழுதலாமா சேர்? தலைப்பு தேயிலைதானே?"

எழுதலாம் என்றேன். வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்திலே 1914ஆம் ஆண்டிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்குச் சென்றவர். ஆங்கிலத்திலே கவிதை எழுதியவர். அத்தகையவர் தோட்டத்து மக்கள் வாயிலிருந்த நாட்டுப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டி நூலாக்கினார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் அவற்றிற் பல அந்தக் கிழவிகளோடேயே போயிருக்கும். சி. வி.க்கு எவரும் செயற்றிட்டம் கொடுக்கவில்லை; புள்ளியும் இடவில்லை.

கடைசிப் பக்கத்தில்தான் சங்கடம் வந்தது. உசாத்துணை என்ற தலைப்பின் கீழ், தகவல் பெற்ற நூல்களின் பெயரை எழுதவேண்டும் என்பது பாடசாலையின் விதி. அம்மாவின் பெயரையும் அம்மாயியின் பெயரையும் எழுது, தொழிலையும் எழுது என்றேன். அதுவரை ஓயாமற் பேசியவள் மௌனமானாள்.

"பக்கத்து மேசைப் பிள்ளைக்கு எங்கம்மா மலைக்குப் போறாங்கன்னு தெரியாது சேர்."

அனுமதிப் பத்திரத்திலே ‘தோட்ட உத்தியோகம்’ என்று எழுதியிருக்கிறார்களாம். தந்தையார் அவ்வாறு எழுதச் சொன்னாராம். இதற்கு நான் விடை எதுவும் கூறவில்லை. வெட்கப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்வது மிக எளிது. நாளைக் காலையில் அந்த மேசையிலே போய் உட்கார வேண்டியவள் அவள். கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பின்பு நடந்ததை அவள் வாய்மொழியாகவே அறிந்தேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் இரவு இரண்டு பெயரையும் எழுதி, தாயாரின் பெயருக்கு நேரே ‘கொழுந்து பறிக்கும் தொழிலாளி’ என்றும், அம்மாயியின் பெயருக்கு நேரே ‘ஓய்வுபெற்ற தொழிலாளி’ என்றும் குறித்திருக்கிறாள். தாயார் கையொப்பமிட்டார். அம்மாயிக்காகக் கடைக்காரரிடமிருந்து முத்திரை மை வாங்கிவந்து பெருவிரல் அடையாளம் எடுத்திருக்கிறாள். குடியுரிமை விண்ணப்பத்திலே, சேமலாப நிதிப் பத்திரத்திலே, தோட்டத்து ஆஸ்பத்திரியிலே என்று அந்தக் கிழவி ஆயுளில் எத்தனையோ தாளிற் பெருவிரல் பதித்தவர். "இதுல என்னா எழுதியிருக்கு, வாசி" என்று இந்த முறை கேட்டிருக்கிறார். பேத்தி முதற் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இரண்டு இடத்திற் பிழை பிடித்தாராம். கவ்வாத்து வருஷம் ஒன்று. மலையின் இலக்கம் ஒன்று.

வகுப்பிலே என்ன ஆயிற்று என்று அறிய ஆவலாயிருப்பீர்கள். இருபதுக்குப் பதினான்கு. வர்ணத்தாளில் அச்சிட்டு வந்த நால்வருக்குப் பதினேழு. உசாத்துணைப் பக்கத்திலே சிவப்பு மையினால் ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருந்தது. நூல்களின் பெயர் இல்லையென்பது காரணம். அந்த ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை. அவரது மேசைமேலும் நாற்பது கொப்பி இருந்திருக்கும். ஆனால் அவர் அந்தக் கேள்விக்குறியோடு விட்டுவிடவில்லை. அவளை எழுப்பிக் காரணம் கேட்டிருக்கிறார். அவளும் கசங்கிய இலையின் கதையை வகுப்பு முழுவதற்கும் சொல்லும்படியாயிற்று. பக்கத்து மேசைப் பிள்ளை தாயாரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். இரண்டாயிரம் கோப்பை உண்மைதானா என்று கேட்டுவிட்டு, அந்தக் கணக்கைத் தன் ஒப்படையிற் சேர்ப்பதற்காகக் கொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்! இணையத்திலிருந்து எடுப்பதைக் காட்டிலும் இது ஓரளவு முன்னேற்றம் என்றே கொள்ளுகிறேன்.

புள்ளி குறைந்ததற்கு அவள் அழுதாள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆறுதலாக நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. ஒவ்வொரு புள்ளியையும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கும் காலம். நான் கெடுத்துவிட்டேனோ என்று இரண்டு இரவு எனக்கும் உறக்கமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துப் பக்கம் போகும்படி நேர்ந்தது. காம்பராவின் முன்சுவரில், புகை படிந்த இடத்தை மறைத்து அந்த வர்ணத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் அடுப்பங்கரையைப் பார்த்தபடி இருந்தார். இஸ்தோப்பிலே ஐந்தாறு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சம்பளத் துண்டு. மழையில்லாத நாட்களிற் கழித்த கிலோவைத் தனியே கூட்டித் தரவேண்டுமென்று வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கொழுந்து நிறுக்கும் இடத்திலே சாக்கின் பாரத்தை எல்லார் முன்னிலையிலும் நிறுத்துக் காட்டும்படி கேட்கப் போகிறார்களாம். நடுவிலே அந்த மாணவி, மடியில் விஞ்ஞானப் புத்தகம் விரித்தபடி கிடக்க, கொப்பியிற் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மாயி வாசலில் இருந்து, "அவளைப் படிக்க விடுங்கடி, பரீட்சை வருது" என்று அதட்டினார். எவரும் எழுந்திருக்கவில்லை. அவளும் தலை நிமிரவில்லை.